பதில் சொல்லாத வாத்தியார் கட்டிய நிழற்குடை

ஒரு காலத்தில் நான், யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதவனாக இருந்தேன். பதில் தெரியாமல் இல்லை (பல சமயம் தெரியாதுதான், அது வேறு விஷயம்). பதில் சொல்வதே பாவம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஒரு கட்டிடம் போயிற்று, ஒரு வேலை போகப் பார்த்தது, ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. கல்யாணத்தை மட்டும் மாடுகள் காப்பாற்றின. எப்படி என்று சொல்கிறேன்.

2005இல் நான் மரக்காணம் பக்கத்தில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை விரிவுரையாளர். கல்லூரிக்கு முன்னால் ரோடு, பின்னால் உப்பளம். ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்புக் காற்றில் கரும்பலகை பிசுபிசுத்துப் போகும், சாக்பீஸ் வழுக்கும். என் வேலை அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தது. அதாவது சம்பளம் உண்டு, மரியாதை உண்டு, அடுத்த வருஷம் உண்டா என்று யாருக்கும் தெரியாது.

அதுவரை நான் பாடம் நடத்திய முறை ரொம்ப எளிமையானது. நான் சொல்வேன், அவர்கள் எழுதுவார்கள். ஒருநாள் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில், “ஃபேனைப் போடுங்கப்பா” என்றேன். பாதி வகுப்பு அதையும் எழுதிக்கொண்டது. பரீட்சையில் ஒருவன் விடைத்தாளிலேயே எழுதிவிட்டான். (அரை மார்க் போட்டேன். சொன்னதைச் சொன்னபடி எழுதியவனை எப்படித் தண்டிப்பது?)

இந்த லட்சணத்தில் இருந்த என்னை, தொழிற்கல்வியில் புதிய கற்பித்தல் முறைகள் என்று ஒரு பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். சீனியர்கள் யாரும் போகச் சம்மதிக்காததால் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கன்ஸ்ட்ரக்டிவிசம் என்றார்கள். அறிவு என்பது வாத்தியார் மண்டையிலிருந்து மாணவன் மண்டைக்கு ஊற்றுகிற எண்ணெய் இல்லையாம். மாணவன் தொட்டுப் பார்த்து, கையால் செய்து, தப்பு செய்து, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். வாத்தியார் பக்கத்தில் துணைக்கு நின்றால் போதும். எங்களிடம் பழைய பேப்பரையும் ஒட்டுகிற டேப்பையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். என் குழுவின் கோபுரம் விழுந்தது. “ஏன் சார் விழுந்துச்சு?” என்று பயிற்சியாளரைக் கேட்டேன். அவர் புன்சிரிப்போடு, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார்.

கோபுரத்துக்கு அடுத்தபடியாக நானும் விழுந்தேன். ஆகா, என்ன ஒரு வரி! இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்திய முட்டாள்தனத்தை நினைத்து வெட்கப்பட்டேன். பயிற்சியாளர் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார். எப்போது கைகொடுக்க வேண்டும், எங்கே தடுத்து நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் சொல்லியிருப்பார். அவையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்புகள். விழித்திருந்தபோது கேட்ட அந்த ஒரு வரியோடு நான் மரக்காணம் திரும்பினேன்.

“சார், டெஸ்ட் எப்ப சார்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“டெஸ்ட்டே வேணாம்னு நினைக்கிறோம் சார்.”

அந்த மாதம் டெஸ்ட் நடக்கவில்லை. மாணவர்கள் என்னைத் தெய்வமாகப் பார்த்தார்கள். கேண்டீன் மாஸ்டர் டீயா காபியா என்று கேட்டாலும் அதே வரிதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, சுக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

இந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் பெண் பார்க்கப் போனோம். கடற்கரையிலிருந்து தள்ளி, திண்டிவனம் போகிற வழியில் உள்ளே ஒரு கிராமம். பெண் பெயர் அமுதா. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா விவசாயி. வாசலில் வரிசையாக மாடுகள் கட்டியிருந்தன. பஜ்ஜி வந்தது, காபி வந்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, வேலை பர்மனென்ட்டுங்களா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

சத்தியமாக நான் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. அமுதாவின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் நினைக்கிறது இருக்கட்டும் தம்பி. ஒரு கேள்வி கேட்டா ஒரு பதிலு வரணும். ஆர்டர் கைக்கு வந்ததும் வாங்க, அப்பறம் பேசிக்கலாம்.”

உள்ளறையில் ஒரு பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமுவது கேட்டது. அந்த இருமலைக் கேட்டதும், கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு ஆர்டர் வேண்டும். ஆர்டர் பிரின்சிபால் கையில் இருந்தது.

பிரின்சிபால் கையிலும் நேரடியாக இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து அங்கீகாரம் புதுப்பிக்க ஒரு கமிட்டி வர இருந்தது. அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்பா, ட்ரெய்னிங்லாம் போய்ட்டு வந்திருக்க. கமிட்டிக்காரங்க இப்பல்லாம் புத்தகத்த பாக்கறதில்லயாம். பசங்க கையால என்ன செஞ்சாங்கன்னு கேக்கறாங்களாம். ஏதாவது பெருசா ஒண்ணு பண்ணு. அவங்க சந்தோஷமாப் போனா அன்னிக்கே உன் ஆர்டர்ல கையெழுத்து.”

வகுப்பில் போய்ச் சொன்னேன். முந்தின டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு கரையோரம் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பசங்களுக்கும் ஏதாவது கட்ட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. என்ன கட்டலாம் என்று அவர்களே பேசி அவர்களே முடிவு செய்தார்கள். கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு வெயிலில் காய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது, ஒரு நிழற்குடை கட்டுவோம். ஆரோவில் பக்கம் செய்கிறார்களே, மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் வைத்து அழுத்தி எடுக்கிற கல், அதில் கட்டுவோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தானே கட்டிக்கொள்கிற அறிவு என் கண்ணெதிரே கட்டிடமாக எழப்போகிறது.

அந்தக் கல்லை அழுத்தி எடுக்கும் இயந்திரம் ஒன்றை, இடையஞ்சாவடியில் இருந்த என் சித்தப்பா மகன் தேசிங்கு இரவல் கொடுத்தான். வண்டியில் ஏற்றும்போது கேட்டான்.

“டேய், மண்ணு எங்கடா எடுக்கப் போற?”

“நீ என்ன நினைக்கிற?”

“உங்கிட்ட மெஷினக் குடுத்ததே தப்புன்னு நினைக்கிறேன்.”

அவனுக்குக் கற்பித்தல் முறைகள் பற்றி ஒன்றும் தெரியாது என்று மனதுக்குள் மன்னித்தேன்.

மண் விஷயத்தில் வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. நல்ல செம்மண் வேண்டும் என்றால் இடையஞ்சாவடி பக்கமிருந்து லாரியில் அடிக்க வேண்டும். வகுப்பின் பேச்சாளன் அந்தோணி எழுந்தான். “காலேஜுக்குப் பின்னாடியே மண்ணு இருக்குதே சார். அதையே எடுத்துக்கலாமா?” வழக்கமான பதிலைச் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது தண்ணீர். கல்லூரி போர் தண்ணீரில் கை வைத்தால் ஹாஸ்டலில் குளிக்க முடியாது என்று வார்டன் துரத்திவிட்டார். உப்பளத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் பின்பக்கம் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அப்போது கோகிலா என்ற மாணவி கை தூக்கினாள்.

“சார், இந்தத் தண்ணியில உப்பு இருக்குமே சார். பரவால்லயா?”

இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சிவில் படித்தவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய விஷயம் அது. நான் என்ன செய்தேன்? முகமெல்லாம் மலர, “சபாஷ்! அருமையான கேள்வி. நீங்க எல்லாரும் என்ன நினைக்கிறீங்க?” என்றேன். ஓட்டெடுப்பு நடந்தது. பரவாயில்லை என்று மற்ற எல்லோரும் கை தூக்கினார்கள். கோகிலா தோற்றாள். உப்புக்கும் சிமெண்டுக்கும் உள்ள உறவை ஓட்டுப் போட்டுத் தீர்த்து வைத்த ஒரே வாத்தியார் நான்தான். பதில் சொல்லிவிடக் கூடாதே என்பதிலேயே குறியாக இருந்ததில், எனக்குப் பதில் தெரியுமா என்று யோசிக்கவே மறந்துபோனேன்.

வேலை தொடங்கியது. மண்ணைச் சலித்தார்கள், குழைத்தார்கள், இயந்திரத்தின் கைப்பிடியில் நான்கு பேராகத் தொங்கிக் கல் எடுத்தார்கள். ஈரச்சாக்கு போட்டு மூடிப் பதப்படுத்தினார்கள். மூன்று பக்கம் சுவர், உள்ளே உட்காரத் திண்டு, மேலே சவுக்குக் கம்பு வைத்துக் கீற்று. உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஒருவர், “என்னா சார், கோயிலா?” என்று கேட்டார்.

சில நாள் கழித்துச் சுவரில் வெள்ளையாக ஏதோ பூக்க ஆரம்பித்தது.

“சார், சுவரு தானா வெள்ளயடிச்சிக்குது சார்!” என்று அந்தோணி ஓடிவந்தான்.

பிரின்சிபாலும் வந்து பார்த்தார். பெயிண்ட் செலவு மிச்சம் என்று அவருக்கு மகிழ்ச்சி. கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் நான், ‘சுவர்கள் இயற்கையான வெண்மை பெற்றுள்ளன’ என்று எழுதினேன். கொஞ்ச நாளில் சுவரின் ஒரு மூலை மழுங்கி உருண்டையாகத் தொடங்கியது. மாணவிகள் சாய்ந்து சாய்ந்து தேய்ந்திருக்கும் என்று நினைத்து, ‘மக்கள் பயன்பாடு மிகுதி’ என்று இன்னொரு வரி சேர்த்தேன். சாயங்காலம் கல்லூரி விட்டு எல்லோரும் போன பிறகு அங்கே யார் வருகிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

கமிட்டி வந்த நாளன்று காலையில் லேசாகத் தூறியது. வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. பிரின்சிபால் கோட்டு போட்டுக் கையில் கத்தரிக்கோலோடு நிழற்குடைக்குள் நின்றிருந்தார். அமுதாவின் அப்பாவுக்கு நானே அழைப்பு அனுப்பியிருந்தேன். ஆர்டர் கைக்கு வருகிற நாள், நேரிலேயே பார்க்கட்டும் என்ற ஆசை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு வந்து ஓரமாக நின்றார். நான் பவ்யமாக ஒரு கும்பிடு போட்டேன்.

முதல் மாடு ரோட்டைத் தாண்டி வந்தது.

கிழட்டுப் பசு, எலும்பும் தோலுமாக. நேராக வந்து, உருண்டை மூலையில் நாக்கை வைத்து நக்க ஆரம்பித்தது. ரொம்ப நாள் பழகிய வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது. “யார்ப்பா மாட்ட விட்டது?” என்று பிரின்சிபால் கத்தினார். அந்தோணி விரட்டினான். அது ஒரு அடி நகர்ந்து அடுத்த கல்லை நக்கியது. பின்னாலேயே இரண்டு மாடு, ஒரு கன்று, மூன்று ஆடு. தூறலில் நனைந்து சுவர் நன்றாக ஊறியிருந்தது போல, வந்தவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்து நக்கின. கமிட்டி கார் வந்து நின்றபோது, என் நிழற்குடையைச் சுற்றிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

கமிட்டித் தலைவர் ஒரு வயதான பேராசிரியை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“இந்த மாடெல்லாம் ஏன் சுவத்த நக்குது?”

என் வாய் திறந்தது. மூளை ஓடிவந்து மூடுவதற்குள் சொல்லிவிட்டது.

“நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?”

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிட்டே போய், சுவரில் விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். “ம்ம்” என்றார். உடனே கூட வந்த இரண்டு பேராசிரியர்களும் போய் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார்கள். ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் கமிட்டி. என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையான செய்முறைக் கல்வியை நான் பார்த்ததே இல்லை.

“உப்பு,” என்றார் தலைவர். “கட்டறதுக்கு எந்தத் தண்ணி எடுக்கணும்னு இவங்களுக்கு யாரும் சொல்லித்தரலயா?”

கோகிலா ஒரு அடி முன்னால் வந்தாள். கைகட்டி, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். “கட்டுமானத்திற்குப் பயன்படும் நீரானது உப்பு, அமிலம், எண்ணெய் ஆகியவை இன்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும். சார்தான் மேடம் நோட்ஸ் குடுத்தாங்க. போன செமஸ்டர் டூ மார்க். நாங்க எல்லாருமே எழுதினோம்.”

நான்தான் நோட்ஸ் கொடுத்தேன். நான்தான் கேள்வி எடுத்தேன். அத்தனை பேருக்கும் நான்தான் முழு மார்க் போட்டேன். அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி சமாளிக்க ஒன்றும் இல்லை.

“தப்பு என்னுது மேடம்,” என்றேன். “இந்தப் பொண்ணு தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடியே கரெக்டா கேட்டா. நான்தான் பதில் சொல்லல.”

இந்த உருக்கமான கட்டத்தை அந்தக் கிழட்டுப் பசுவால் தாங்க முடியவில்லை. கழுத்தை மூலையில் வைத்துச் சுகமாக ஒரு தேய் தேய்த்தது. மூலை பொலபொலவென்று உதிர்ந்தது. அதன்மேல் நின்ற சவுக்குக் கம்பு மெல்ல யோசித்து ஒரு பக்கம் சாய்ந்தது. கீற்றுக் கூரை மொத்தமும் பிரின்சிபால் மேல் போர்வை மாதிரி வந்து இறங்கியது. அடி ஒன்றும் படவில்லை. கீற்றுக்குள்ளிருந்து முதலில் கத்தரிக்கோல் வெளியே வந்தது, பிறகு கோட்டு வந்தது, கடைசியாக அவர் வந்தார். மாடுகள் கொஞ்சமும் கலவரப்படாமல், இப்போது குனிந்து நக்க வசதியாக இருந்த கற்களுக்கு மாறின.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். தலைவர் அம்மா அந்த இடத்திலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, “சரி, ஏன் விழுந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றார். பசங்க சொன்னார்கள். உப்பு எப்படி ஈரத்தை இழுக்கும், காயும்போது எப்படிப் பூத்துக் கல்லை உதிர்க்கும், மண்ணை முதலில் எங்கே சோதித்திருக்க வேண்டும் என்று அந்தோணிகூட இடிந்த கல்லை உடைத்துக் காட்டிப் பேசினான். ஃபேனைப் போடச் சொன்னதை நோட்டில் எழுதிய அதே வகுப்பு. “இத இவங்க சாவற வரைக்கும் மறக்க மாட்டாங்க,” என்று அந்த அம்மா பிரின்சிபாலிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “அதுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கட்டடம் இடிக்காதீங்க. கேக்கற எடத்துல கேளுங்க, சொல்ற எடத்துல சொல்லுங்க” என்றார். கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் நான் பிரின்சிபால் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

“சார், என் ஆர்டர்...”

அவர் தலையிலிருந்து ஒரு கீற்றுத் துண்டை எடுத்துக் கீழே போட்டார்.

“நீ என்ன நினைக்கிற?”

நான் சரியாகத்தான் நினைத்தேன். இன்னும் ஒரு வருஷம் தகுதிகாண் பருவம்.

கூட்டம் கலைந்தது. இடிபாட்டுக்குப் பக்கத்தில் அமுதாவின் அப்பா தனியாக நின்றிருந்தார். போய் நின்றேன். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அவர் பழைய கேள்வியையே கேட்டார்.

“வேலை பர்மனென்ட்டுங்களா தம்பி?”

“இல்லீங்க. இப்ப ஆவாதுங்க. இனிமே ஆவுமான்னும் தெரியலீங்க.”

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அன்று அமுதா இருமலுக்குள் அடக்கிய சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது, அதே சிரிப்பு.

“அன்னிக்கு எங்க வீட்ல குந்திக்கினு கேட்ட ஒரு கேள்விக்கும் பதிலு சொல்லல. சரியான புளுகனா இருப்பான், பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டேன். இன்னிக்கு அத்தினி பெரிய மனுஷங்க முன்னாடி என் தப்புன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும். வேலை இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருது.” துண்டை உதறித் தோளில் போட்டார். இடிந்த கற்களைக் காலால் புரட்டிப் பார்த்தார். “மாப்ள, இந்தக் கல்லுங்கள யாரும் எடுக்க மாட்டாங்களே? நம்ம மாட்டுங்க நக்கறதுக்குக் கட்டித் தொங்கவிட்டா ஒரு வருஷத்துக்கு வரும்.”

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சாயங்காலமே ஒரு மாட்டு வண்டி வந்து கல்லை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வார்கள். பெண் வீட்டு மாடுகளுக்குச் சீர் செய்த மாப்பிள்ளை நான் ஒருவன்தான் என்று அமுதா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

பல வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் நாங்கள் சொந்த வீடு கட்டினோம். கல், மணல், தண்ணீர் எல்லாவற்றையும் நான் லேபுக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினேன். ஒருவரும் அதை மதிக்கவில்லை. கிரகப்பிரவேசத்தன்று வழக்கப்படி மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டுக்குள் பசுவை ஓட்டிவந்தார்கள். மாமனாரே தன் பசுவை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் சொந்தக்காரர்கள் ஒருவர் கண்ணும் அவர் மேல் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பசுவின் நாக்கையே பார்த்தார்கள். அது நடுக்கூடத்தில் நின்றது. சுவர் பக்கம் மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு அது அலட்சியமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே நடந்தது.

“பர்மனென்ட்!” என்று கத்தினார் மாமனார். வீடே கைதட்டியது. அதிலிருந்து எங்கள் உறவில் யார் புதுவீடு கட்டினாலும், பசு சுவரை நக்காமல் வெளியே வந்த பிறகுதான் பால் காய்ச்சுகிறார்கள்.